ஆறு மாதத்துக்கு ஒரு முன்னேற்றம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மொழியியல் படித்தவனில்லை. நாலு வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, பன்னிரண்டு வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். முனைவர் பட்ட ஆய்வைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், என்னிடம் இருப்பது ஒரே ஒரு தகுதிதான். ‘முன்னேற்றத்தை அளப்பது’ என்கிற கூத்தைத் தினமும் காலை பத்து மணிக்கு வரிசையில் நின்று பார்ப்பவன் நான். நேற்று என்ன முடித்தாய், இன்று என்ன முடிப்பாய், எது தடுக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒரு ஸ்பிரிண்ட், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டிக்கெட், டிக்கெட்டுக்கு ஒரு மதிப்பெண். மதிப்பெண் வராத வேலையை யாரும் தொடமாட்டார்கள் என்பது எங்கள் தொழிலில் சின்னப் பையனுக்கும் தெரியும்.

என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள் ஒருத்தி. கடைசி வருஷ புராஜெக்ட்டில் என் பார்ட்னர். மூன்று வருஷம் கம்பெனியில் இருந்துவிட்டு, வீட்டில் பெரிய சண்டை போட்டு, வேலையை விட்டு மொழியியல் எம்.ஏ. சேர்ந்தாள். அப்புறம் ஜே.ஆர்.எஃப். வாங்கிப் பிஎச்.டி. எடுத்துக்கொண்டது நீலகிரிச் சரிவில் கொஞ்சம் பேர் மட்டுமே பேசும் ஒரு மொழி. மொழியின் பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டாம்.

விதி இதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 ஒழுங்குமுறையும் சரி, அதன் இடத்தில் வந்த 2022 ஒழுங்குமுறையும் சரி, ஆய்வு மாணவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு குழு முன் நின்று தன் வேலையைப் பற்றிப் பேச வேண்டும், சுருக்கமாக ஒரு முன்னேற்ற அறிக்கை தர வேண்டும் என்கின்றன. விதியில் அதன் பெயர் ஆய்வு ஆலோசனைக் குழு. நம் ஊரில் பல இடங்களில் இன்னும் ‘டி.சி. மீட்டிங்’தான். முன்னேற்றம் திருப்தியாக இல்லையென்றால் குழு காரணத்தை எழுதிவைத்து, திருத்திக்கொள்ள வழி சொல்லும். அதையும் செய்யாவிட்டால் பதிவை ரத்துசெய்யப் பரிந்துரைக்கலாம். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. 2022 விதிப்படி மறுபதிவு செய்தால் எட்டு வரை போகலாம், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பத்து வரை. ஆனால் ஜே.ஆர்.எஃப். பணம் வருவது ஐந்து ஆண்டுக்குத்தான். அதற்குப் பிறகான ஆண்டுகளை அப்பா சம்பளத்திலோ கணவன் சம்பளத்திலோ ஓட்டிக்கொள்ள வேண்டும். இதை எந்த ஒழுங்குமுறையிலும் எழுதவில்லை, எழுதாமலே எல்லோருக்கும் புரிந்திருக்கிறது.

அவளுடைய நாலாவது டி.சி. மீட்டிங்குக்கு இரண்டு மாதம் முன்னால் நடந்தது இது. மலையில் அவளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்த பாட்டியிடம், அந்த ஊர் மொழியில் ‘முள் குத்திவிட்டது’ என்று சொல்லப் பார்த்திருக்கிறாள். பாட்டி விழுந்து விழுந்து சிரித்தாராம். “பாப்பா, நீ சொன்னது வேற” என்றாராம். வேற என்றால் என்ன என்று என்னிடம் கடைசிவரை அவள் சொல்லவில்லை. சிரிப்பு அடங்கியதும் பாட்டியை இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லவைத்துப் பதிவு செய்தாள். அன்று ராத்திரி கணினியில் அலைவரிசையை விரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டு வருஷமாக அவள் ஒன்று என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்தது இரண்டு தனித்தனி உயிரொலிகள். தமிழ்க் காதுக்கு அந்த வித்தியாசம் விழவே விழாது.

மென்பொருள்காரர்களுக்குச் சொல்வதென்றால், டேட்டாபேஸில் ஒரு காலத்தின் டைப்பே தப்பு. இரண்டு வருஷமாக உள்ளே போன ஒவ்வொரு வரியும் தப்பு. ஒன்பது மணி நேரப் பதிவை எழுத்தாக்கி வைத்திருந்தாள். அத்தனையையும் திரும்பக் கேட்க வேண்டும். அது எவ்வளவு வேலை என்பதை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நிமிஷப் பதிவு எங்களுக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது. சொல் எங்கே முடிகிறது என்று பார்க்கணும், ஒட்டு எது வேர் எது என்று பிரிக்கணும், சந்தேகம் வந்தால் குறித்துவைத்து அடுத்த முறை மலை ஏறும்போது கேட்கணும். ஆனால் அந்த ஒரு கண்டுபிடிப்பால் அவளுடைய ஆய்வு அடியோடு மாறிவிட்டது. விளங்காமல் கிடந்த வினைமுற்று வடிவங்கள் பாதி, வரிசையில் வந்து நின்றுவிட்டன. இரண்டு வருஷத்தில் அவள் செய்த மிகப் பெரிய வேலை அதுதான்.

டி.சி. மீட்டிங்கில் படிவம் நிரப்பினாள். முடித்த இயல்கள் எத்தனை? போன முறை ஒன்று என்று எழுதியிருந்தாள், இந்த முறை பூஜ்யம். வெளியிட்ட கட்டுரை? இல்லை. கலந்துகொண்ட கருத்தரங்கம்? ஒன்று. ஆய்வு எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது? போன முறையைவிடக் குறைவு. “போன தடவையும் ஒலியியல் இயல், இந்தத் தடவையும் ஒலியியல் இயலாம்மா?” என்று கேட்டிருக்கிறார் ஒருவர். ‘முன்னேற்றம் திருப்திகரமாக இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தானது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, நெறியாளர் உட்பட. அவர்கள் கையில் இருந்த படிவம் அப்படி.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பழங்கதை உண்டு. 1982இல் ஆப்பிள் கம்பெனியில் லிசா என்ற கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு பொறியாளரும் வாரம் எத்தனை வரி நிரல் எழுதினார் என்று படிவத்தில் நிரப்ப வேண்டும் என்று மேலாளர்கள் சொன்னார்கள். பில் அட்கின்சன் அந்த வாரம் திரையில் படம் வரைகிற நிரலின் ஒரு முக்கியப் பகுதியை முழுக்க மாற்றி எழுதியிருந்தார். அது பல மடங்கு வேகமாகிவிட்டது, கூடவே இரண்டாயிரம் வரி மிச்சமாகிவிட்டது. படிவத்தில் ‘மைனஸ் 2000’ என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதை விட்டுவிட்டார்களாம். என் தோழி எழுதியதும் மைனஸ் இரண்டாயிரம்தான். அட்கின்சனிடம் படிவம் கேட்பதை நிறுத்தினார்கள். இவளுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘ஆய்வு என்பது தவம், அதற்குக் கெடு வைக்கலாமா’ என்று உருகுகிற கட்சியில் நான் இல்லை. கெடு இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்று மூத்த பேராசிரியர்களைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு வருஷம் பதிவு செய்தபடியே இருந்தவர்கள், கைடு வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் பதிந்து கொடுத்தவர்கள், அவர் பையனுக்கு ட்யூஷன் எடுத்தவர்கள், கடைசியில் பட்டமும் வாங்காமல் வயதும் போய் ஊருக்குத் திரும்பியவர்கள். கெடு மாணவரைக் காப்பாற்றத்தான் முதலில் வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாலு பேர் முன்னால் நின்று ‘இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்’ என்று சொல்வதும் நல்லதுதான். அப்படிச் சொல்லும்போதுதான் நமக்கே நம் வேலையின் ஓட்டை தெரியும். எனக்குப் பிரச்சினை கெடுவில் இல்லை. எதை முன்னேற்றம் என்று எண்ணுகிறோம் என்பதில்தான்.

இயல்களையும் கட்டுரைகளையும் எண்ணினால், இயலும் கட்டுரையும் சீக்கிரம் கிடைக்கிற தலைப்பைத்தான் மாணவர் எடுப்பார். மொழியியலில் அது ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த மொழியாக இருக்கும். நூற்றிருபது பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து ‘நகர்ப்புற இளைஞர்களின் மொழிக் கலப்பு’ என்று ஆறு மாதத்தில் ஒரு இயல் எழுதிவிடலாம். கேள்வித்தாள் ஆய்வைக் கேலி செய்யவில்லை, நன்றாகச் செய்தால் அதுவும் ஆய்வுதான். ஆனால் இலக்கணம் எழுதப்படாத ஒரு மொழியில் முதல் வருஷம் முழுக்க, சொல்கிற ஒலி காதில் சரியாக விழுவதற்கே போய்விடும். பாட்டி தேயிலை பறிக்கப் போகிற மாதங்களில் வேலை நடக்காது. ஊரில் சாவு விழுந்தால் நடக்காது. அதே நேரம், சில பாட்டுகளைச் சாவு வீட்டில் மட்டும்தான் பாடுவார்கள், அப்போது நீங்கள் ஊரில் இல்லாமல் செமஸ்டர் முடிவு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தால் போச்சு. இந்த மாதிரி வேலையை யாரும் தடை செய்யவில்லை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான். டிக்கெட் இல்லாத வேலை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் என்று 121ஐப் பட்டியலிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை அந்தப் பட்டியலிலேயே தனிப்பெயரோடு வருவதில்லை. தோடர் மொழியும் கோத்தர் மொழியும் யுனெஸ்கோவின் அட்டவணையில் கடைசிக் கட்ட ஆபத்தில் இருப்பவை. பத்தாயிரத்துக்குக் குறைவானவர்கள் பேசும் மொழிகளைப் பதிவு செய்வதற்கென்றே மைசூர் இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் மூலம் அரசு 2013இல் ஒரு திட்டம் தொடங்கியது. ஒரு கையால் இந்த மொழிகளைப் பதிவுசெய் என்று பணம் ஒதுக்கிவிட்டு, அந்த வேலையை உண்மையில் செய்யக்கூடிய வயதில் இருக்கிற இருபத்தைந்து வயதுக்காரர்களிடம் மறு கையால் இயல் கணக்கு கேட்கிறோம்.

நீலகிரி என்றதும் மொழியியல்காரர்கள் எமனோ பெயரைச் சொல்வார்கள். எட்வர்டு சபீரின் தூண்டுதலில் 1935இல் இந்தியா வந்து 1938 வரை தோடர், கோத்தர், படுகர் மொழிகளைக் கேட்டு எழுதியவர். கோத்தர் கதைகள் 1944 முதல் 1946 வரை வந்தன. தோடர் பாடல்கள் 1971இல். தோடர் இலக்கணம் 1984இல், அதாவது களப்பணி முடிந்து நாற்பத்தாறு வருஷம் கழித்து. இதை வைத்து ‘பார்த்தாயா, எமனோவை டி.சி. மீட்டிங்கில் நிறுத்தியிருந்தால்’ என்று எழுத எனக்கும் ஆசைதான். அது நேர்மையாக இருக்காது. மலைக்கு வருமுன்பே அவர் முனைவர் பட்டம் வாங்கிவிட்டார், அதுவும் வேதாளக் கதைகளின் ஒரு சமஸ்கிருதப் பாடத்தைப் பதிப்பித்து. பட்டம் வேறு, வாழ்நாள் வேலை வேறு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அவருடைய ஒரு சின்னக் கட்டுரையைப் பாருங்கள். 1939இல் படுகர் மொழியின் உயிரொலிகளைப் பற்றி எழுதினார். நாக்கை உள்ளே மடித்து ஒலிக்கும் உயிர்கள், அதிலும் மடிப்பு கொஞ்சம், மடிப்பு அதிகம் என இரண்டு படிகள் அந்த மொழியில் இருப்பதாகச் சொன்னார். அதில் பெரிய கோட்பாட்டு வாதம் என்று எதுவும் இல்லை, காது கொடுத்துக் கேட்டதுதான். அறுபது வருஷம் கழித்தும் உலக மொழிகளின் ஒலிகளைப் பற்றிய பாடநூலில் அந்தப் படுகர் உயிர்கள் வருகின்றன. ‘தரவு சேகரிப்பது ஆய்வாகாது, ஆய்வேடு என்றால் ஒரு வாதம் இருக்கணும்’ என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்கணும். ஒலியை எழுத்தில் இறக்கும் ஒவ்வொரு வரியிலும் பத்துப் பதினைந்து முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அதில் ஒன்றுகூட இயந்திரத்தனமானது இல்லை. சொல்லப்போனால் வாதம் அங்கேதான் நடக்கிறது, இயலில் அதன் மினிட்ஸ் மட்டும் வருகிறது.

இலக்கணம் பட்டமாகாது என்று வாதாடுகிறவர்களுக்கு இன்னொரு பதில் இருக்கிறது. ஏற்கெனவே ஆகியிருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை ஒரு காலத்தில் பழங்குடி மொழிகளுக்கு விளக்க இலக்கணம் எழுதுவதைத்தான் தன் மாணவர்களுக்கு வேலையாகக் கொடுத்தது. அதில் வந்த ஆய்வேடுகள் பலவும் வறட்டுத்தனமானவை, ஒரே அச்சில் வார்த்தவை என்று குறை சொல்வார்கள். இருக்கட்டும். இன்று அந்த மொழிகளைப் பற்றி யாருக்கு என்ன தெரிய வேண்டுமானாலும் அந்த வறட்டுப் புத்தகங்களைத்தான் தேடி எடுக்கிறார்கள். இருளர் மொழியின் மேல் டிஃப்லோத்தின் ஆய்வேடு 1968இல் லாஸ் ஏஞ்சலஸில் ஏற்கப்பட்டது. முதுமலைப் பக்கம் பேசப்படும் பெட்ட குறும்பர் மொழிக்கு கெயில் கொயெல்லோ எழுதிய இலக்கணம் 2003இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமானது. கூடலூரிலிருந்து கோயம்புத்தூர் பஸ் பிடித்தால் அரை நாள். ஆனால் அந்த இலக்கணம் பட்டமானது ஆஸ்டினில்.

அமெரிக்காவைச் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. அங்கேயும் பல துறைகளில் இரண்டு தகுதிக் கட்டுரைகளை, அதுவும் வெவ்வேறு பிரிவில், மூன்றாம் ஆண்டுக்குள் எழுதி முடித்தால்தான் ஆய்வேட்டுக்குள் போக முடியும். ஐந்து வருஷத்தோடு பணம் நிற்பதும் பெரும்பாலும் அதே கதை. ஆனால் 2010இல் அமெரிக்க மொழியியல் கழகம் ஒரு தீர்மானம் போட்டது. இலக்கணம், அகராதி, கதைத் தொகுப்பு, ஆவணகத்தில் சேர்த்த ஒலிப்பதிவு ஆகியவற்றைப் புலமைப் பணியாகவே எண்ண வேண்டும், பட்டம் தரும்போதும் வேலை தரும்போதும் அவற்றுக்கு எடை கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். தீர்மானம் போட்டதால் எல்லாம் மாறிவிடாதுதான். கழகம் என்று ஒன்று வாயைத் திறந்து சொன்னதே, நம் ஊரில் அதுவும் இல்லை.

நாம் என்ன செய்தோம்? 2016இல், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்கில் பேசியிருக்க வேண்டும் என்று விதி வைத்தோம். எண்ணக்கூடிய முன்னேற்றம். காசு கொடுத்தால் ஒரே வாரத்தில் கட்டுரை போடும் இதழ்கள் புற்றீசல் மாதிரி கிளம்பின. 2018இல் மானியக் குழுவே தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4305 இதழ்களை நீக்க வேண்டியதாயிற்று. 2022இல் கட்டுரைக் கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள், நல்ல முடிவு. ஆனால் விதியில் போனது படிவத்தில் போகவில்லை. பல இடங்களில் அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது. என் தோழியும் அந்த நாட்களில் ஒரு கட்டுரை போட்டாள். எதைப் பற்றி என்று கேட்டேன். “அதைப் படிக்காதடா, ப்ளீஸ்” என்றாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, எனக்கு உண்மையில் கோபம் வருவது இதில்தான். கடிகாரம் ஒரு பக்கம் மட்டும் ஓடுகிறது. அவளுக்கு ஃபெலோஷிப் பணம் ஏழு மாதம் வரவில்லை, கடிகாரம் ஓடியது. நெறியாளரிடம் கொடுத்த இயல் ஒன்பது மாதம் மேசையில் கிடந்தது, கடிகாரம் ஓடியது. களப்பணிக்கு வனத்துறை அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்க ஒரு செமஸ்டர் போயிற்று. அந்தச் செமஸ்டர் முடிவிலும் ‘முன்னேற்றம் என்ன?’ என்று கேட்டார்கள். கொரோனாவுக்கு மட்டும் ஆறு ஆறு மாதமாக நீட்டிப்பு கொடுத்தார்கள், அதுவும் ஊர் உலகமே மூடிக் கிடந்ததால். சமர்ப்பித்த ஆய்வேட்டின் மதிப்பீட்டை ஆறு மாதத்துக்குள் முடிக்கப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதே ஒழுங்குமுறையில் ஒரு வரி இருக்கிறது. முடிக்காவிட்டால்? ஒன்றும் இல்லை. மாணவர் தவறினால் பதிவு ரத்து, பல்கலைக்கழகம் தவறினால் மாணவர் காத்திருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் வாடிக்கையாளரோடு இப்படி ஒருதலையாக ஒப்பந்தம் போட்டால் சட்டத்துறைக்காரர் சிரிப்பார்.

ஐந்தாவது டி.சி. மீட்டிங்குக்குப் பிறகு அவள் தலைப்பை மாற்றினாள். அதே மக்கள், அதே ஊர், ஆனால் இப்போது ‘மொழித் தேர்வும் மனப்பான்மையும்’. வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள், சந்தையில் எந்த மொழி, பிள்ளைகளிடம் எந்த மொழி. கேள்வித்தாள், அட்டவணை, சதவீதம். அடுத்தடுத்த மூன்று கூட்டத்திலும் ‘முன்னேற்றம் திருப்திகரம்’. பட்டமும் வாங்கிவிட்டாள். அந்த மொழி அழிந்துகொண்டிருக்கிறது என்று அட்டவணைகளோடு நிரூபிக்கும் ஆய்வேடு அது. அந்த மொழியில் ஒரு முழு வாக்கியம்கூட அதில் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, வைவா முடிந்து ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்த அன்று அவளே சொன்னாள்.

பதிவுகள் மொத்தம் முப்பத்தோரு மணி நேரம். இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று அவளிடம், இன்னொன்று பாதுகாப்புக்கு என் வீட்டு அலமாரியில். கௌரவ விரிவுரையாளராக ஒரு கல்லூரியில் வாரம் பதினாறு மணி நேரம் பாடம் எடுக்கிறாள். லீவு நாளில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுத்தாக்குகிறாள். புதிய உயிரொலிக் குறியீட்டில் சரிபார்த்து முடித்தது இதுவரை ஆறு மணி நேரம். பாட்டி இப்போது இல்லை. சந்தேகம் வந்தால் அவருடைய மருமகளுக்கு வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்புகிறாள். சில சொற்களுக்கு அவரும் “எனக்குத் தெரியலையே கண்ணு” என்று பதில் போடுகிறார்.

இதைச் சரிசெய்ய டெல்லிக்குப் போக வேண்டியதில்லை என்பதுதான் எரிச்சலான விஷயம். 2022 ஒழுங்குமுறையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு செமஸ்டரும் குழு முன் பேசு, சுருக்கமாக அறிக்கை கொடு என்கிறது. அறிக்கையில் இயல் கணக்கு இருக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. எது முன்னேற்றம் என்பதைத் துறையே தீர்மானித்துக்கொள்ளலாம். ஒலிப்பதிவு எத்தனை மணி நேரம், அதில் பேசுகிறவரோடு உட்கார்ந்து சரிபார்த்து எழுத்தாக்கியது எத்தனை நிமிடம், எந்த ஆவணகத்தில் சேர்த்திருக்கிறது என்று கேட்கலாம். போன முறை சொன்னதில் எது தப்பு என்று தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும், அது காலியாக இருந்தால்தான் குழு சந்தேகப்பட வேண்டும். அதே தாளின் கீழ்ப்பாதியில், கடைசி வரைவை மாணவர் கொடுத்த தேதி, நெறியாளர் திருப்பித் தந்த தேதி, ஃபெலோஷிப் நிலுவை எத்தனை மாதம். இரண்டு பாதியிலும் கையெழுத்து.

துறைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் நடந்துவிடும். படிவம் வடிவமைக்க ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், ஒரு சனிக்கிழமை வேலைதான், நான் வந்து செய்து தருகிறேன்.